கட்டண அலகும் தமிழ் எழுத்தும்: தந்தியிலிருந்து குறுஞ்செய்தி வரை

முன்னுரை

தொலைத்தொடர்புச் சந்தையின் வரலாற்றை எழுதுவோர் விலையின் ஏற்ற இறக்கத்தையும், முற்றுரிமைகள் தகர்ந்த விதத்தையும், ஒழுங்குமுறை ஆணையங்களின் தோற்றத்தையும் விரிவாக எழுதியுள்ளனர். அவ்விலை எந்த அலகுக்கு விதிக்கப்பட்டது என்ற வினாவைப் பெரும்பாலும் பொறியாளரின் பொறுப்பு என்று விட்டுவிட்டனர். நெல்லின் விலையைக் குறித்துவிட்டு, அளந்தது எந்த மரக்கால் என்று கேளாமல் விடுவதற்கு இது ஒப்பாகும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை எழுதுவித்தோர் அப்படி விடவில்லை. ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது என்று அளவையின் பெயரையும் சேர்த்தே பொறித்தனர்.

கட்டண அலகு தந்தியில் சொல்லாக இருந்தது; தொலைபேசியில் நிமிடமாக இருந்தது; குறுஞ்செய்தியில் 140 பைட்டு கொண்ட ஒரு பொதியாயிற்று; இன்றைய இணையத் தரவில் மெகாபைட்டு ஆகியுள்ளது. நிமிடம் எல்லா மொழியினர்க்கும் ஒன்றே. தமிழில் பேசுவதால் அது விரைந்து ஓடுவதில்லை (ஊரிலுள்ள தாயாருடன் பேசும்போது ஓடுகிறது என்பது வேறு செய்தி). எழுத்தைக் கடத்தும் தொழில்நுட்பங்களில் நிலைமை அவ்வாறில்லை. அங்கே அலகு ஏதோ ஒரு எழுத்துமுறையை மனத்திற்கொண்டே வகுக்கப்படுகிறது. ஏனைய எழுத்துமுறைகள் அந்த அலகினுள் தம்மை மடக்கி நுழைய வேண்டியுள்ளது.

தமிழ்நாட்டில் 1956இன் ஆட்சிமொழிச் சட்டமும், சிங்கப்பூரில் 1965இன் சட்டமும், இலங்கையில் 1987இன் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தமும் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதியை அளித்தன. இம்மூன்று இடங்களிலும் குறுஞ்செய்தியின் கட்டணமானி வேறொரு மொழிக்கொள்கையை நடைமுறைப்படுத்தியது. சட்டமன்றம் விவாதிக்காத, வாக்காளர் அறியாத அக்கொள்கையே இக்கட்டுரையின் பொருள்.

ஆய்வுக்கு எளிய செய்தியொன்றை எடுத்துக்கொள்வோம். "அம்மா, நலமாக வந்து சேர்ந்தேன். கவலைப்பட வேண்டாம். நாளை இரவு அழைக்கிறேன்." புலம்பெயர்ந்த எவரும் ஒருமுறையேனும் எழுதியிருக்கக்கூடியது இது. இதில் 9 சொற்கள் உள்ளன. தொல்காப்பியர் வழியில் எண்ணினால் எழுத்துகள் 36. இடைவெளி, நிறுத்தக்குறிகள் 12. இச்செய்தியையே பின்வரும் பகுதிகளில் வெவ்வேறு அலகுகளால் அளந்து பார்க்கலாம்.

தந்தியின் சொல்

1870ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திவடம் இடும் பணி நிறைவை நெருங்கியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இணைப்பு முழுமை பெற்றது. இட்ட நிறுவனம் பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன். 1873இல் அது வேறு இரு நிறுவனங்களுடன் இணைந்து, ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் ஆஸ்திரலேசியா அண்ட் சைனா என்ற பெயரில் கீழைக்கடல் முழுவதிலும் ஆதிக்கம் பெற்றது. கப்பலில் நாட்கணக்கில் பயணம் செய்த விலைச்செய்தி வங்கக் கடலை மணிக்கணக்கில் கடக்கத் தொடங்கியது.

கடலடி வடத்தின் கொள்ளளவு மிகக் குறுகியது. முதலீடோ மிகப் பெரியது. ஆகவே ஒவ்வொரு சொல்லும் விலைமதிப்புடையதாயிற்று. 1865இல் பாரிசில் 20 நாடுகள் கூடி நிறுவிய பன்னாட்டுத் தந்தி ஒன்றியம், 1875இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கூடியபோது சொல் என்பதற்கே நீளவரம்பு விதித்தது: ஐரோப்பாவுக்குள் 15 எழுத்து, ஐரோப்பாவுக்கு வெளியே 10 எழுத்து. வரம்பைக் கடந்தால் அது இரண்டு சொல். சென்னை, பினாங்கு வழித்தடம் வெளிவட்டத்தைச் சேர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

மொழியியலாளருக்குச் சுவையான இடம் இதுவே. தமிழ் ஒட்டுநிலை மொழி. வரமுடியாதென்று, பார்த்துக்கொள்ளலாம் போன்ற தொடர்களை நாம் சேர்த்தே எழுதுகிறோம். ஆங்கிலம் நான்கைந்து சொற்களில் கூறுவதைத் தமிழ் ஒன்றில் அடக்கும். சொல்லுக்கு இவ்வளவு என்ற கட்டணமுறை தமிழுக்கு ஆதாயமாக அமைந்திருக்க வேண்டும்! பத்தெழுத்து வரம்பு அந்த ஆதாயத்தைப் பறித்தது. மேலும், மொழி வழக்குக்கு மாறாகச் சொற்களை ஒட்டி எழுதுதல் கூடாது என்றும் ஒன்றியத்தின் விதி கூறியது. தமிழில் எது வழக்கு, எது வழக்குக்கு மாறு என்று தீர்மானிக்க வேண்டியவர் நன்னூல் அறிந்தவர் அல்லர். தந்தி அலுவலகத்தின் முகப்பில் அமர்ந்திருக்கும் எழுத்தர்.

அத்துடன், எழுத்து உரோமன் வடிவில் இருத்தல் வேண்டும். நம் செய்தியை வழக்கமான முறையில் உரோமன் எழுத்தில் எழுதினால் "கவலைப்பட" என்பது 12 எழுத்தும் "அழைக்கிறேன்" என்பது 11 எழுத்தும் பெறும். ஆக 9 சொற்கள் 11 ஆகும். தந்திக் காலத்தில் எவரும் இவ்வளவு நீளமாக நலம் சொல்லிப் பணத்தை வீணாக்கியிருக்க மாட்டார் என்பதும் உண்மை.

வணிகர்கள் இதற்குக் கண்ட வழி குறிச்சொல் நூல்கள். ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரு சொல்லை ஈடாக்கிக் கட்டணத்தைக் குறைத்தனர். அக்குறிச்சொற்களும் எட்டு மொழிகளிலிருந்தே எடுக்கப்படலாம் என ஒன்றியம் வரையறுத்தது: ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இத்தாலியம், டச்சு, போர்த்துக்கேயம், ஸ்பானியம், இலத்தீன். பேசுவோர் அற்ற இலத்தீனுக்கு இடம் கிடைத்தது; ஆசிய மொழி எதற்கும் கிடைக்கவில்லை. சீனர்கள் தம் எழுத்துருக்களுக்கு நான்கிலக்க எண்களை ஈடாக்கித் தந்தியில் அனுப்பினர். மோர்சு முறையில் எண்ணுக்குத்தான் குறி அதிகம், இலக்கம் ஒன்றுக்கு ஐந்து. எனவே தமிழின் அனுபவத்தைத் தனித்த வஞ்சனையாகக் காண்பது வரலாற்றுப் பிழையாகும். அலகை வகுத்தவர்களின் மேசையில் அமர்ந்திராத எல்லா மொழிகளுக்கும் நேர்ந்தது அது.

நூற்று நாற்பது பைட்டு

இனி 1985க்கு வருவோம். ஐரோப்பாவின் ஜிஎஸ்எம் தரத்தை உருவாக்கிய குழுவில் பணியாற்றிய செருமானியர் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட், தட்டச்சுப்பொறியில் பலவகை வாக்கியங்களைத் தட்டிப் பார்த்தும், அஞ்சலட்டைகளையும் டெலக்ஸ் செய்திகளையும் கணக்கிட்டும், 160 எழுத்துகள் ஒரு செய்திக்குப் போதும் என்ற முடிவுக்கு வந்தார். அழைப்புகளை இணைப்பதற்கென்று எப்படியும் இயங்கிக்கொண்டிருக்கும் சமிக்ஞை வழியில் எஞ்சிய இடத்தில் இச்செய்தி பயணம் செய்யும். அதற்குக் கிடைத்த இடம் 140 பைட்டு, அதாவது 1120 பிட்டு. ஓரெழுத்துக்கு 7 பிட்டு என்றால் 160 எழுத்து. அந்த 7 பிட்டு அட்டவணையில் இலத்தீன எழுத்துகளும், சில மேற்கு ஐரோப்பிய ஒலிக்குறி எழுத்துகளும், இலத்தீனத்தில் வடிவொப்பு இல்லாத 10 கிரேக்கப் பேரெழுத்துகளும் இடம்பெற்றன. 1992 திசம்பர் 3ஆம் நாள் பிரிட்டனில் முதற் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது.

அட்டவணையில் இல்லாத எழுத்தை அனுப்ப வேறொரு வழி வைக்கப்பட்டது: யுசிஎஸ்-2 என்னும் 16 பிட்டுக் குறியாக்கம். 1120ஐ 16ஆல் வகுத்தால் 70. ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்தியும் இவ்வழிக்கு மாறிவிடும். ஆங்கிலத்தில் எழுதிய செய்தியின் அடியில் "அன்புடன்" என்று தமிழில் முடித்தவர், தம் செய்தியின் கொள்ளளவை 160இலிருந்து 70க்கு இறக்கினார்.

70 என்பதும் 70 தமிழ் எழுத்தன்று. 1988ஆம் ஆண்டின் இந்திய இஸ்கி தரத்தைப் பின்பற்றி 1991இல் அமைந்த யூனிகோடு, உயிர்மெய்யை மெய்யும் உயிர்க்குறியுமாகப் பிரித்து வைக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனியிடம். "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல் 5 குறியிடங்களைப் பெறும். நம் எடுத்துக்காட்டுச் செய்தியின் 36 எழுத்துகள் 60 குறியிடங்களாகின்றன. இடைவெளியும் நிறுத்தமும் சேர்த்து 72. வரம்பு 70. செய்தி இரண்டாகப் பிளக்கிறது. பகுதிக்கு ஒரு செய்தி என்பதே பொதுவான கட்டண வழக்கு.

அதே செய்தியை உரோமன் எழுத்தில் எழுதினால் ஏறத்தாழ 80 குறிகள் தேவை. எண்ணிக்கையில் தமிழ் வடிவத்தைவிட அது நீளமானது. ஆயினும் 160இல் பாதியே நிரம்பும். கட்டணம் ஒரு செய்திக்கே. நீளமானது மலிவு, சுருக்கமானது இருமடங்கு என்ற இந்தத் தலைகீழ் விலையே இவ்வலகின் சாரம்.

தமிழை உரோமன் எழுத்தில் எழுதும் பழக்கம் இளையோரின் அலட்சியத்தால் விளைந்தது என்று மாநாட்டு மேடைகளில் அடிக்கடி கூறப்படுகிறது. அக்கூற்று எனக்கு ஏற்புடையதன்று. காரணம் கட்டணம் ஒன்றே என்றும் நான் வாதிடவில்லை. தொடக்ககாலக் கைத்தொலைபேசிகள் தமிழைக் காட்டவே இல்லை. விசைகளில் தமிழ் இல்லை. பெறுபவரின் கருவியில் வெற்றுக் கட்டங்கள் தோன்றும் என்ற அச்சம் இருந்தது. இத்தடைகளைக் கடக்கவே முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வெளிவந்தது. ஆனால் கருவித் தடை நீங்கத் தொடங்கிய அக்காலத்திலும் கட்டணத் தடை அப்படியே நின்றது. அதற்குள் ஒரு தலைமுறையின் விரல்கள் வேறு வழியில் பழகிவிட்டன. விலைக்கு இசைந்து நடந்த நுகர்வோரை மொழிப்பற்று அற்றவர் எனப் பழிப்பது பொருளியல் நோக்கில் பொருந்தாது.

விலையை ஆண்டோர், அலகைக் காணாதோர்

சமிக்ஞை வழியில் எஞ்சிய இடத்தைப் பயன்படுத்துவதால் குறுஞ்செய்தியின் இறுதிநிலைச் செலவு ஏறக்குறைய சுழியம். எனவே இரண்டாம் பகுதிக்கு விதித்த கட்டணம் செலவை ஈடுசெய்வதன்று; முழுவதும் வருவாயே. ஒழுங்குமுறையாளர்கள் குறுஞ்செய்தி விலையைக் கவனிக்கவில்லை என்று கூற முடியாது. அமெரிக்காவில் 2005இல் 10 சதமாயிருந்த செய்தி 2008இல் 20 சதமானது ஏன் என்று செனட்டர் ஹெர்ப் கோல் நான்கு பெருநிறுவனங்களையும் வினவினார். ஐரோப்பிய ஒன்றியம் 2009 சூலை 1 முதல், உறுப்பு நாடுகளுக்கிடையே அலைந்துபேசுவோர் அனுப்பும் செய்திக்கு வரி நீங்கலாக 11 யூரோ சதம் என உச்சவரம்பு விதித்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் ஒரு வலையமைப்பு மற்றொன்றுக்குச் செலுத்தும் முடிப்புக் கட்டணத்தைச் செய்திக்கு 2 பைசா என நிர்ணயித்தது.

ஐரோப்பிய விதிமுறை குறுஞ்செய்தி என்பதற்கு இலக்கணமும் வகுத்தது. எழுத்துகளாலோ எண்களாலோ பெரும்பாலும் ஆன செய்தி என்றது. எத்தனை எழுத்து என்று கூறவில்லை. கிரேக்கமும் பல்கேரியமும் ஒன்றியத்தின் ஆட்சிமொழிகள். கிரேக்கச் சிற்றெழுத்தில் எழுதிய ஏதென்சு நகரத்தவரும், பல்கேரிய எழுத்தில் எழுதிய சோஃபியா நகரத்தவரும், பாரிசில் தமிழில் எழுதிய நம்மவரும் 70ஐத் தாண்டியதும் இருமுறை 11 சதம் செலுத்தினர். உச்சவரம்பு செய்திக்கே, சொல்லவந்த கருத்துக்கு அன்று.

போட்டி இதைச் சீர்செய்திருக்காதா என்ற வினா எழும். சிங்கப்பூர், 2002இல் திறப்பதாக இருந்த தன் தொலைத்தொடர்புச் சந்தையை 2000 ஏப்ரல் 1 அன்றே முழுமையாகத் திறந்தது. அதற்காகச் சிங்டெல் நிறுவனத்துக்கு இழப்பீடும் வழங்கியது. கட்டணங்கள் குறைந்தன. அலகு மாறவில்லை. மாறவும் இயலாது. போட்டி என்பது ஒரு தரத்தின் உள்ளே நிகழ்வது. ஒரு நிறுவனம் தனியாக வேறொரு குறியாக்கத்தைக் கைக்கொண்டால், மற்றொரு நிறுவனத்தின் வாடிக்கையாளருடைய கருவி அதைப் படிக்காது. எல்லோரும் ஒருசேர நகர்ந்தாலன்றி எவரும் நகர முடியாத இத்தகைய நிலைக்கென்றே ஒழுங்குமுறை ஆணையங்கள் இருக்கின்றன.

துருக்கி அதைச் செய்து காட்டியது. துருக்கிய மொழி இலத்தீன எழுத்தையே பயன்படுத்துகிறது; ஆனால் அதன் சில எழுத்துகள் 7 பிட்டு அட்டவணையில் இல்லை. ஒரு துருக்கிய எழுத்து வந்தால் செய்தி 70க்கு இறங்கும். 160ஐக் காக்க மக்கள் தம் எழுத்துகளைச் சிதைத்து எழுதினர். தர அமைப்பான 3ஜிபிபி தன் எட்டாம் வெளியீட்டில் தேசியமொழி மாற்று அட்டவணைகள் என்ற ஏற்பாட்டைக் கொணர்ந்தது. செய்தியின் தலைப்பகுதியில் சில பைட்டுகளைச் செலவிட்டு, இச்செய்தி இன்ன மொழி அட்டவணையைப் பயன்படுத்துகிறது என அறிவித்துவிட்டால், 7 பிட்டு முறையிலேயே துருக்கிய எழுத்துகளை அனுப்பலாம். துருக்கிய அரசு தன் நாட்டில் விற்கும் கைத்தொலைபேசிகளுக்கு இத்தரத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே விற்ற கருவிகளின் கையேட்டில் இத்தரத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, துருக்கிய எழுத்துகள் அனைத்தையும் ஆதரிக்கிறது என்று கூறும் வரியை இன்றும் காணலாம்.

நமது அறிஞர் உலகில் போதிய கவனம் பெறாத உண்மை ஒன்றுண்டு. ஒன்பதாம் வெளியீட்டில் தமிழுக்கும் அத்தகைய அட்டவணை அமைந்தது; இந்தி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் உள்ளிட்ட பத்து மொழிகளுள் தமிழும் ஒன்று. (இலங்கையின் பெரும்பான்மை மொழியான சிங்களம் அப்பட்டியலில் இல்லை.) ஓர் அட்டவணையைப் பயன்படுத்தினால் 155 இடங்களும், இரண்டையும் பயன்படுத்தினால் 152 இடங்களும் கிடைக்கும். நம் 72 குறியிடச் செய்தி அதில் பாதியளவே நிரப்பும். காகிதத்தில் சமத்துவம் பிறந்துவிட்டது. ஆனால் துருக்கியைப் போல் எந்த அரசும் தமிழ் அட்டவணையைக் கருவிகளில் கட்டாயமாக்கி நிலைநிறுத்தவில்லை. வணிகத் தேவையும் எழவில்லை. பெறுபவர் கருவி புரிந்துகொள்ளாது என்றால் அனுப்புபவர் கருவி ஏன் துணியும்? இந்திய அரசு 2016இல் கைத்தொலைபேசிகளில் இந்திய மொழிகளைக் கட்டாயமாக்கி, 2017 சூலை என நாளும் குறித்தபோது, அதன் நோக்கம் தட்டச்சிடலும் வாசித்தலுமே. கடத்தும்போது ஆகும் செலவு அங்கே பேசுபொருளாகவில்லை.

அதே ஆண்டுகளில் தமிழ்க் கணிமை வட்டங்களில் அனல் பறந்தது வேறொரு விவாதத்தில். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியிடம் வேண்டும் என்ற அணியின் கோரிக்கை டேஸ்-16 என்ற குறியாக்கமாக உருப்பெற்றது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் அதையும் தரமாக ஏற்றது. இலக்கணத்தின் மொழியில் நடந்த அவ்விவாதத்துக்குள் ஒரு பொருளியல் வாதமும் பொதிந்திருந்தது. டேஸ்-16இல் நம் செய்தி 48 இடங்களே பெறும், 70க்குள் அடங்கும். ஆயினும் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. உலகின் கருவிகள் அதைக் கற்க வேண்டியிருந்தது. 155 இடம் தரும் ஏற்பாடு பன்னாட்டுத் தரத்திலேயே கைக்கெட்டும் தொலைவில் கிடந்தபோது, 70ஐச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வழியைப் பற்றி நம் ஆற்றல் செலவாயிற்று என்பது என் கணிப்பு.

பணத்தைக் கடந்தும் இதற்குப் பொருளுண்டு. பேரிடர் எச்சரிக்கைகளைச் செல்பேசிக் கோபுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிபரப்பும் முறையில் பக்கத்துக்கு 82 பைட்டு. ஆங்கிலத்தில் அது 93 எழுத்து. தமிழில் 41 குறியிடம். "ஆழிப்பேரலை எச்சரிக்கை. உடனே கடற்கரையை விட்டு வெளியேறவும்." என்பது 57 குறியிடம். "விட்டு" என்ற சொல்லின் நடுவே முதற்பக்கம் முடிந்துவிடும். ஒரு செய்திக்கு 15 பக்கம் வரை அனுப்பலாம் என்பதால் எச்சரிக்கை முழுமையாகவே சேரும். ஆனால் 2004 திசம்பரைக் கண்ட கிழக்குக் கரையில், ஒரு பக்கத்தில் என்ன அடங்கும் என்பதை அறியாமல் எச்சரிக்கை வாசகம் எழுதுவது பொறுப்பாகாது.

அலகு மாறியபோது

ஏற்றத்தாழ்வு மறைந்தது ஆணையங்களால் அன்று. 2009இல் தோன்றிய வாட்ஸ்அப் போன்ற சேவைகள் செய்தியைத் தரவாக்கின. அலகு செய்தியிலிருந்து மெகாபைட்டுக்கு மாறியது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியிடம் ஒன்றுக்கு 3 பைட்டு, ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டு. விகிதம் முன்னையதைவிட மோசமானது! ஆனால் ஒரு நிழற்படத்தின் பருமனோடு ஒப்பிட்டால் எழுத்தின் பருமன் தூசு. விகிதாசார அநீதி நீடித்தது. அதன் பணமதிப்பு கரைந்துவிட்டது. தமிழில் தட்டச்சிடுவோர் தொகை பெருகியதற்கு இலவச விசைப்பலகைகளும் குரல்வழி உள்ளீடும் துணைசெய்தன. தமிழில் எழுதினால் தண்டம் இல்லை என்ற நிலையும் துணைசெய்தது.

வங்கியும் அரசுத் துறையும் மருத்துவமனையும் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளில் 70 என்ற வரம்பு இன்றும் உயிரோடிருக்கிறது. இலட்சக்கணக்கானோர்க்கு அனுப்பும் நிறுவனம் தமிழைத் தேர்ந்தால் செலவு இரட்டிக்கும். அம்முடிவை எடுப்பவர் கணக்கர். செயற்கை நுண்ணறிவுச் சேவைகளிலோ அலகு மீண்டும் எழுத்துக்கு அருகில் வந்துவிட்டது. அவை டோக்கன் என்னும் துண்டுகளுக்கு விலை வைக்கின்றன. ஆங்கிலம் மிகுந்த தரவிலிருந்து அத்துண்டுகள் வகுக்கப்படுவதால், ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரு துண்டாகவும் தமிழ்ச் சொல் பல துண்டுகளாகவும் எண்ணப்படுகின்றன. துண்டுப் பட்டியலை வகுப்பது நிறுவனத்தின் உரிமை. அவ்வலகு இன்று எந்தக் கட்டண ஆணையத்தின் வரம்பிலும் இல்லை.

இவ்வரலாற்றை முழுமையாக எழுதச் சான்றுகள் வேண்டும். ஆணையங்களின் கலந்தாய்வு ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் தமிழ் எழுத்து பற்றிய குரல் அரிதே. நமக்குத் தேவை கீழ்நிலைச் சான்றுகள்: வணிக இல்லங்களின் தந்திப் பிரதிகள், பினாங்கிலும் கொழும்பிலும் சென்னையிலும் அச்சான கட்டணத் துண்டறிக்கைகள், சிம் அட்டை உறைகள், கைத்தொலைபேசிக் கையேடுகள். ஆய்வு நூலகங்கள் இவற்றைச் சிறுவெளியீடுகள் பிரிவில் சேர்க்கலாம். கருவிகளையே சேமித்தல் இன்னும் நன்று. 2000க்கும் 2010க்கும் இடைப்பட்ட காலத்து ஒரு கைத்தொலைபேசி, நம் 72 குறியிடச் செய்தியைத் தட்டியதும், அனுப்பு விசையின் மேலே 1 என்று காட்டியதா, 2 என்று காட்டியதா, அல்லது எதையும் காட்டாமல் இருமுறை பணம் எடுத்ததா என்பதை அக்கருவியை இயக்கிப் பார்த்தே அறிய முடியும்.